ரீல்ஸ்ல பார்த்த அந்த வெள்ளைப் பறவை ராயபுரத்துக்கும் வருது... எண்ணூர், பழவேற்காட்டில் 'பெரிய கருந்தலை'யைக் கண்டுபிடிப்பது எப்படி?

டெல்லி யமுனா காட் ரீல்ஸ் உங்கள் ஃபீடிலும் வந்திருக்கும். பனிமூட்டம், ஒரு படகு, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான வெள்ளைப் பறவைகள், பின்னணியில் ஒரு இந்திப் பாட்டு. 'லைஃப்ல ஒரு தடவையாச்சும் போகணும்' என்று சேவ் செய்து வைத்திருப்பீர்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். அந்தப் பறவையின் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடசென்னைக்கும் வருகிறார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் தலைக்கு மேலே சுற்றுவது காக்காவும் பருந்தும் மட்டுமல்ல. மாநகரப் பேருந்திலோ புறநகர் ரயிலிலோ போய்ப் பார்த்துவிடலாம்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எப்போதாவது ஒரு பெரிய உருவம் நிற்கும். மற்ற பறவைகள் அதன் பக்கத்தில் குட்டிகள் மாதிரி தெரியும். மஞ்சள் அலகில் கறுப்புப் பட்டை, நுனியில் சிவப்பு. அதுதான் பெரிய கருந்தலைக் கடற்காகம். இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போகிறவர்களுக்கான கையேடு. எங்கே போவது, எப்போது போவது, எதை வைத்து அடையாளம் காண்பது, பார்த்த பிறகு என்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல்ல ஒரு தெளிவு: எது கடற்காகம், எது ஆலா?

'சீகல்' என்று நாம் சொல்லும் பறவைக்குத் தமிழில் கடற்காகம் என்று பெயர். பேச்சுவழக்கில் கடல் காக்கா. பெயரில் கடல் இருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை முட்டையிடுவது கடலிலிருந்து ரொம்ப தூரத்தில், உள்நாட்டு ஏரிகளிலும் சதுப்புகளிலும்தான். கடலோரம் இவற்றுக்குக் குளிர்கால வாடகை வீடு மாதிரி.

கடற்காகத்தோடு எளிதில் குழம்பக்கூடிய இன்னொரு பறவை ஆலா. இரண்டும் வெள்ளை, இரண்டும் தண்ணீருக்கு மேல் பறக்கும். வித்தியாசம் இதுதான்:

* ஆலா ஒல்லி. ஊசி மாதிரி அலகு, பல இனங்களுக்குக் கத்தரிக்கோல் போலப் பிளந்த வால். பறந்துகொண்டே கீழே பார்க்கும், மீன் தெரிந்தால் தண்ணீரை நோக்கிப் பாயும்.
* கடற்காகம் கொஞ்சம் கனமான உடம்பு. அகலமான இறக்கை, விசிறி மாதிரி வால். தண்ணீரில் வாத்து போல மிதக்கும், மிதப்பதைக் கொத்தும், மற்ற பறவையிடமிருந்து பிடுங்கவும் செய்யும்.

தண்ணீரில் உட்கார்ந்து ஹாயாக மிதக்கிறது என்றால் அது பெரும்பாலும் கடற்காகம்தான். இந்த ஒரு விதியை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

நம்ம ஊருக்கு வரும் நான்கு முகங்கள்

1. பழுப்புத்தலைக் கடற்காகம். வடசென்னையில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை இதுவாகத்தான் இருக்கும். அளவு நம் வீட்டுக் காக்கா அளவு, அதாவது 40 செ.மீ.க்குச் சற்று மேல். குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிவிடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் மிச்சமிருக்கும், ஹெட்போன் மாட்டின மாதிரி. வளர்ந்த பறவைக்கு அலகும் காலும் சிவப்பு. கண் வெளிறிய மஞ்சள். இறக்கையை விரித்தால் நுனி முழுக்கக் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள்.

இது கோடையில் எங்கே இருக்கும் தெரியுமா? திபெத், பாமீர் பீடபூமிகளில். இந்தியாவுக்குள் லடாக்கில் சோ மோரிரி, சோ கார் ஏரிப் பக்கம் முட்டையிடுகிறது. இரண்டு ஏரிகளும் கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கு மேல். பைக் ரைடர்கள் மூச்சு வாங்கும் உயரத்தில் பிறந்த குஞ்சு, சில மாதங்களில் ராயபுரத்தில் வந்து கவலை மீன் பொறுக்குகிறது.

2. கருந்தலைக் கடற்காகம். யமுனா காட் ரீல்ஸில் வரும் ஹீரோ இதுதான். ஐரோப்பாவிலிருந்து ரஷ்யா வரை பரவி வாழும் இனம். பழுப்புத்தலையைவிடக் கொஞ்சம் சின்னது, அலகும் மெலிது. உட்கார்ந்திருக்கும்போது இரண்டையும் பிரிப்பது கஷ்டம், பறக்கும்போது சுலபம். இதன் இறக்கையின் முன்விளிம்பில் நீளமான வெள்ளை ஆப்பு ஒன்று பளிச்சென்று தெரியும். நுனியில் கறுப்பு மெல்லிய கோடு மாதிரிதான் இருக்கும். கண்ணும் கருமையாக இருக்கும்.

ஒரு வேடிக்கை: மார்ச் மாதம் இரண்டுக்கும் தலையில் நிறம் ஏறும். அப்போது 'கருந்தலை'யின் தலையும் சாக்லேட் பழுப்புதான். பெயரை நம்பி ஏமாறாதீர்கள், இறக்கையைப் பாருங்கள்.

3. ஹூக்ளின் கடற்காகம். பெரிய உடம்பு, முதுகு அடர் சாம்பல். மஞ்சள் அலகின் கீழ்ப்பாதியில் ஒரு சிவப்புப் புள்ளி, மஞ்சள் கால். வடக்கு ரஷ்யாவின் பனிவெளிகளில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது. இதைத் தனி இனமாக வைப்பதா, ஐரோப்பாவின் சின்னக் கருமுதுகுக் கடற்காகத்தின் உள்ளினமாக வைப்பதா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் செயலியில் பெயர் வேறு மாதிரி வந்தால் பதற்றப்பட வேண்டாம்.

4. பெரிய கருந்தலைக் கடற்காகம். நாம் தேடிப் போகிறவர். பல்லாஸ் கடற்காகம் என்றும் சொல்வார்கள். ரஷ்யாவில் பணியாற்றிய ஜெர்மன் இயற்கையாளர் பீட்டர் சைமன் பல்லாஸ் 1773-ல் காஸ்பியன் கடல் பகுதியிலிருந்து இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அறிவியல் பெயரில் இருக்கும் 'இக்தயீட்டஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'மீன் கழுகு' என்று அர்த்தம். பார்த்தால் அந்தப் பெயர் ஏன் என்று புரியும். இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரும். காசிமேட்டில் சுற்றும் செம்பருந்தைவிடப் பெரியது. உலகின் மிகப் பெரிய கடற்காகங்களில் ஒன்று. எடை 2 கிலோ வரை போகும்.

கறுங்கடல், காஸ்பியன் பகுதியிலிருந்து கஜகஸ்தான், மங்கோலியா, சீனாவின் சிங்ஹாய் ஏரி வரை இதன் கோடைகால வீடு. தமிழகக் கடற்கரைக்கு வருவது கொஞ்சம்தான். பழுப்புத்தலை நூற்றுக்கணக்கில் நிற்கும் இடத்தில் இது விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும், பல நாள் ஒன்றுகூட இருக்காது.

அதிர்ஷ்டம் இன்னும் கூடுதலாக இருந்தால் ஐந்தாவது ஆளாக மெல்லலகுக் கடற்காகம் மாட்டலாம். தமிழகத்தில் அபூர்வம். அதற்குக் காதோரப் பொட்டு மிக மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. நீண்ட கழுத்து, சரிவான நெற்றி, நீளமான அலகு. கோடையிலும் தலை கறுக்காது. வெள்ளைத் தலையோடு ஒரு பறவை கழுத்தை நீட்டிக்கொண்டு கூட்டத்தில் தனியாகத் தெரிந்தால், விடாமல் படம் எடுங்கள்.

'பெரிய கருந்தலை' செக்லிஸ்ட்

தூரத்தில் நிற்கும் பெரிய பறவை ஹூக்ளினா, பெரிய கருந்தலையா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

* அலகு: மஞ்சள், நுனிக்கு முன்னால் கறுப்புப் பட்டை, கடைசியில் சிவப்பு. ஹூக்ளினுக்கு முழுப் பட்டை இருக்காது, கீழே சிவப்புப் புள்ளி மட்டும்தான்.
* கண்: கண்ணைச் சுற்றிக் கருமை படர்ந்திருக்கும். மேலும் கீழும் வெள்ளைப் பிறைகள். மை கலைந்த மாதிரி ஒரு லுக்.
* தலை: நெற்றி சரிவாக, நீளமாக இருக்கும். தலையின் உச்சி கண்ணுக்குப் பின்னால் தள்ளி இருக்கும்.
* முதுகு: வெளிர் சாம்பல். ஹூக்ளினின் முதுகு அடர் சாம்பல்.
* பறக்கும்போது: இறக்கையின் வெளிப்பகுதி வெள்ளை, நுனிக்கு அருகில் கறுப்பு வளைவு.
* இளம் பறவை: வெள்ளை வாலின் முடிவில் ரிப்பன் ஒட்டின மாதிரி கறுப்புப் பட்டை. இந்த இனத்துக்கு முழு வளர்ச்சி நிறம் வர ஏறக்குறைய நான்கு வருஷம் ஆகும். அதனால் ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு தோற்றம்.

இந்தப் பறவைக்கு மற்றவற்றைவிட முன்னதாகவே தலை கறுக்க ஆரம்பிக்கும். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் போனால் கரியால் முக்கியெடுத்த மாதிரி முழுக் கறுப்புத் தலையோடு பார்க்க வாய்ப்பு உண்டு. இது மட்டும்தான் பெயருக்கு ஏற்ற உண்மையான கருந்தலை.

எப்போ போகலாம்?

அக்டோபரிலிருந்தே வர ஆரம்பிக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை வெளிச்சமும் சாலையும் சரியாக இருக்காது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய பெஸ்ட் சீசன். மார்ச்சில் கிளம்பத் தொடங்கி, ஏப்ரலில் பெரும்பாலானவை போய்விடும். ஏப்ரல் 15-ல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, காசிமேட்டு விசைப்படகுகள் கட்டிப்போடப்படும் நேரத்தில் கடற்காகங்களும் ஏறக்குறைய காலி செய்திருக்கும்.

நேரம் என்று பார்த்தால் காலை 6 முதல் 9. அதைவிட முக்கியம், நீரோட்டம். வற்றம் இருக்கும்போது முகத்துவாரத்தில் மணல் திட்டுகள் வெளியே வரும், பறவைகள் அங்கேதான் கூட்டமாக ஓய்வெடுக்கும். ஏற்றம் வந்தால் திட்டு மூழ்கிவிடும், கூட்டமும் கலைந்துவிடும். கடல் ஏற்ற வற்ற நேரத்தைக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. முதல் நாள் இரவே பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள்.

எங்கே போகலாம்? மூன்று ஸ்பாட்

காசிமேடு, ராயபுரம்: பழகிக்கொள்ளும் இடம்

விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். படகிலிருந்து இறங்கும் மீன், தரம் பிரிக்கும்போது வீசும் கழிவு, ஐஸ் தண்ணீர் என எல்லாம் பறவைகளுக்கு விருந்து. கடற்காகம், செம்பருந்து, கரும்பருந்து, காக்கா எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் அளவு வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. காக்கா அளவில் இருந்தால் பழுப்புத்தலை அல்லது கருந்தலை. செம்பருந்தைத் தாண்டினால் உஷாராகுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், வார நாள் வசதி. அது மக்கள் வேலை செய்யும் இடம் என்பதை மறக்க வேண்டாம். கூடை தூக்கி வருகிற அக்காவின் வழியில் நின்று கேமராவை நீட்டினால் திட்டு நிச்சயம், அது நியாயமும்கூட. ஓரமாக நில்லுங்கள், முகங்களைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வழுக்காத செருப்பு போடுங்கள்.

எண்ணூர் முகத்துவாரம்: கனமான இடம்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். பக்கிங்காம் கால்வாயும் இங்கே வந்து கலக்கிறது. மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் புறநகர் ரயிலில் ஏறினால் எண்ணூர் ஸ்டேஷன். மெட்ரோவில் வருகிறவர்கள் விம்கோ நகர் வரை வந்து, அங்கிருந்து பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடிக்கலாம். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் கடற்கரைப் பக்கமாக நடந்தால் மணல் திட்டுகள் கண்ணுக்குத் தெரியும்.

பின்னணியில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், காமராஜர் துறைமுகத்தின் கிரேன்கள். முன்னால் இறால் பிடிக்கும் மீனவர்களும் பறவைகளும். இந்த இரண்டையும் ஒரே ஃபிரேமில் பார்ப்பதுதான் எண்ணூர். கவனம் தேவைப்படும் இடமும் இதுதான்:

* சேற்றில் இறங்கவே வேண்டாம். பல ஆண்டுகளாக அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பகுதிகள் உண்டு. பார்க்கத் தரை மாதிரி இருக்கும், கால் வைத்தால் உள்ளே போகும்.
* துறைமுகம், மின் நிலையம் இவற்றை நோக்கிப் படம் எடுக்க வேண்டாம், ட்ரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பகுதிகள்.
* எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பைக்கில் போகிறவர்கள் லாரிகளுக்கு நடுவில் புகுந்து போக வேண்டாம்.
* இடிந்த படகுத்துறைகள், அலைதடுப்புக் கற்கள் மீது ஏறி செல்ஃபி எடுக்க வேண்டாம்.

பழவேற்காடு ஏரி: வாய்ப்பு அதிகமுள்ள இடம்

பெரிய கருந்தலையைத் தேடுகிறவர்களின் முதல் சாய்ஸ். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்தில். ஆழம் ரொம்பக் குறைவு, பல இடங்களில் ஓர் ஆள் நடந்து போகலாம். அதனால்தான் பூநாரையிலிருந்து கடற்காகம் வரை இவ்வளவு பறவைகள். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா, அதற்கப்பால் வங்கக்கடல். 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர் என்பதால், வெயில் ஏறிய பிறகு அவர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. புறநகர் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. ஊரைத் தாண்டிப் பாலம் வழியாகக் கலங்கரை விளக்கம் பக்கம் போனால் முகத்துவாரத்தை நெருங்கலாம். பூநாரைக்கும் கரையோரப் பறவைகளுக்கும் அண்ணாமலைச்சேரி பக்கம் பேர்போனது.

படகு விஷயத்தில் மட்டும் ஆர்வக்கோளாறு வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது கிறிஸ்துமஸ் விடுமுறை, இதே சீசன். அனுமதி இல்லாத படகில், உயிர்காப்பு ஜாக்கெட் இல்லாமல், 'சும்மா ஒரு ரவுண்டு' என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். கடற்காகத்தைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

என்ன எடுத்துட்டுப் போகணும்?

* பைனாகுலர்: 8x42 என்ற அளவு ஆரம்பத்துக்குப் போதும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, நான்கு பேருக்கு ஒன்று போதும்.
* போன்: பைனாகுலரின் கண்பகுதியில் போன் லென்ஸை ஒட்டி வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். இன்ஸ்டாவுக்கு ஆகாது, அடையாளம் காண ஆகும். பறக்கும்போது பர்ஸ்ட் மோடில் எடுங்கள். விரிந்த இறக்கை ஒரு படத்தில் விழுந்தால் போதும்.
* மெர்லின் செயலி: இலவசம். இந்தியப் பறவைகள் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். படத்தைக் கொடுத்தால் பெயரைப் பரிந்துரைக்கும். ஆனால் அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மேலே உள்ள செக்லிஸ்ட்டோடு ஒப்பிடுங்கள்.
* தண்ணீர் பாட்டில், தொப்பி, முழுக்கை சட்டை. ஆள் நடமாட்டம் குறைந்த கரைகள் என்பதால் மூன்று பேராவது சேர்ந்து போங்கள், கிளம்பும் இடத்தை வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மிக்சர் போடாதீங்க, விரட்டாதீங்க

ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பலரும் செய்ய நினைப்பது, மிக்சரையோ பிஸ்கட்டையோ வீசிப் பறவைகளை வரவழைப்பது. உப்பும் எண்ணெயும் சேர்ந்த தின்பண்டம் மீனும் புழுவும் தின்னும் உயிருக்கு உணவே இல்லை. அதைவிட மோசமானது, திட்டில் ஓய்வெடுக்கும் கூட்டத்தை 'டேக் ஆஃப் ஷாட்'டுக்காக ஓடிப் போய் விரட்டுவது. ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து வந்த பறவைக்கு அந்த ஓய்வுதான் திரும்பிப் போவதற்கான பெட்ரோல். நீங்கள் கிட்டே போகும்போது எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கினால் அதுதான் எல்லைக் கோடு. இரண்டடி பின்னால் வாருங்கள்.

இறந்த அல்லது நோயுற்ற பறவையைக் கையால் தொடாதீர்கள். 2005-ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தன. அவற்றில் பழுப்புத்தலையும் பெரிய கருந்தலையும் இருந்தன. பயப்பட அல்ல, எச்சரிக்கையாக இருக்க. கூட்டமாக இறந்து கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காலில் வளையம் மாட்டிய பறவையைப் பார்த்தால் வளையத்தின் நிறமும் எழுத்தும் தெரியும்படி படம் எடுத்து, மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு மின்னஞ்சல் செய்யலாம். அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்ற கதை அப்படித்தான் வெளியே வருகிறது.

பார்த்தாச்சு... அப்புறம்?

ஸ்டோரி போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இ-பேர்ட் என்ற இலவசச் செயலியில் பதிவு போட்டால் நிலைக்கும். தேதி, இடம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எந்தப் பறவை எத்தனை என்று மட்டும் நிரப்பினால் போதும். அபூர்வமான பறவை என்றால் செயலியே விவரம் கேட்கும். 'அலகில் கறுப்புப் பட்டை இருந்தது, பக்கத்தில் நின்ற பழுப்புத்தலையைவிட ஒன்றரை மடங்கு பெரியது' என்று இரண்டு வரி எழுதி, மங்கலாக இருந்தாலும் படத்தை இணையுங்கள். பின்னால் தன்னார்வலர்கள் சரிபார்ப்பார்கள். யாராவது 'உறுதியா?' என்று கேட்டால் கோபப்பட வேண்டாம், எல்லோரிடமும் கேட்பார்கள்.

இந்தப் பதிவுகள் எங்கே போகின்றன? 2023-ல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் போட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்துத் தயாரானது. 942 இனங்கள் குறைகின்றனவா, நிலையாக உள்ளனவா என்று அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். அத்தனையும் உங்களையும் என்னையும் போன்றவர்கள் போனில் தட்டியது.

தனியாகத் தொடங்கத் தயக்கமா? பொங்கல் விடுமுறையில் நான்கு நாள்கள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம், 15 நிமிடம் பார்த்துப் பதிவு போட்டாலே கணக்கு. ஜனவரியில் ஆசிய அளவிலான நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987-லிருந்து நடந்துவருவது. 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் சென்னையில் இருக்கிறது. பழகியவர்களோடு ஒருமுறை போய் வந்தால், ஒரு வருடப் படிப்பு ஒரு காலையில் முடியும்.

ஒரு பறவையை எண்ணி என்ன ஆகப் போகுது?

இந்தக் கேள்விக்கு எண்ணூரிடமே பதில் இருக்கிறது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையைக் கொட்டியது. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுப்பானது. பிழைப்பு போன அவர்களே வெறும் கையால் எண்ணெயை அள்ளியதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்களும் வந்தன. அதற்கு முன் 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. இரண்டு தடவையும் குளிர்காலம். அதாவது வலசைப் பறவைகள் இங்கே இருக்கும் காலம்.

பறவைக்கு எண்ணெய் ஏன் ஆபத்து? அதன் இறகுகள் ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றோடொன்று பின்னி, தண்ணீர் உள்ளே போகாமல் காக்கின்றன. எண்ணெய் அந்தப் பின்னலைப் பிரித்துவிடும். தண்ணீர் தோல் வரை இறங்கும், உடல் குளிர்ந்து கனக்கும், மிதக்க முடியாது. சுத்தம் செய்ய அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். கூழைக்கடா பெரியது, மெதுவானது, கேமராவில் மாட்டியது. கடற்காகம் பறந்து போய் வேறெங்கோ விழுந்திருந்தால் அது யார் கணக்கிலும் வராது.

சேதம் எவ்வளவு என்று சொல்வதற்கு, சேதத்துக்கு முன் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். ஒரு சாதாரண ஜனவரி ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் திட்டில் எத்தனை பழுப்புத்தலை நின்றது என்ற பதிவு இருந்தால்தான், அடுத்த ஜனவரியில் 'குறைந்திருக்கிறது' என்று யாராவது சொல்ல முடியும். இல்லாவிட்டால் 'இங்கே பறவையே வராது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

உலக அளவிலும் எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. ராம்சர் ஒப்பந்தத்தின் அளவுகோல்களில் ஒன்று, ஓர் ஈரநிலத்தில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூடுகின்றனவா என்பது. இன்னொன்று, ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையில் 1 சதவீதம் அங்கே இருக்கிறதா என்பது. தென்சென்னையின் பள்ளிக்கரணை 2022-ல் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது. குப்பைமேடு என்று மட்டுமே பேசப்பட்ட ஓர் இடம் சதுப்புநிலமாகப் பேசப்பட்டதற்குப் பின்னால், வருஷக்கணக்கில் அதிகாலையில் எழுந்து எண்ணியவர்கள் இருக்கிறார்கள். வடசென்னையில் அப்படி எண்ணும் கண்கள் இன்னும் நிறைய வேண்டும். திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ இருக்கிற உங்களுக்கு அந்தக் கரை அரை மணி நேரத் தூரம்தான்.

இந்த ஞாயிறு ஒரு குட்டி பிளான்

* சனிக்கிழமை இரவு: மெர்லின், இ-பேர்ட் இரண்டையும் இறக்குங்கள். வற்ற நேரம் பாருங்கள்.
* காலை 5.30: காசிமேடு. அரை மணி நேரம் அளவு பழகுங்கள். ஒரு டீ.
* காலை 7.00: எண்ணூர். கரையில் ஒரே இடத்தில் நின்று, கூட்டத்தை இடமிருந்து வலமாகப் பொறுமையாகப் பாருங்கள். பெரியவன் பெரும்பாலும் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பான்.
* காலை 9.00: பதிவைப் போட்டுவிட்டு வீட்டுக்கு. அடுத்த வாரம் பழவேற்காடு.

முதல் நாளே பெரிய கருந்தலை கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். பரவாயில்லை. நூறு பழுப்புத்தலை மட்டும் பார்த்தீர்களா, நூறு என்று போடுங்கள். எதுவுமே இல்லையா, 40 நிமிடம் நின்றேன், கடற்காகம் இல்லை என்று தெரியும்படி மற்ற பறவைகளை மட்டும் போட்டு முடியுங்கள். எண்ணூர் மாதிரி ஓர் இடத்தில் 'இன்று வரவில்லை' என்பதும் முக்கியமான தகவல்தான்.